அரை மாத்திரை

மூன்றாம் வகுப்பு அபினேஷுக்கு
வாசிக்கத் தெரியும் என்றுதான்
கார்த்திகை வரை நம்பியிருந்தேன்.
எட்டாம் பக்கத்தைத் திருப்பினால் போதும்,
குளத்தில் வாத்து நீந்துகிறது என்பான்
மூச்சு விடாமல்.
ஒருநாள் படத்தைக் கையால் மூடினேன்.
வாத்தும் வரவில்லை, குளமும் வரவில்லை.
என் வளையலையே பார்த்தபடி நின்றான்.

அன்றிலிருந்து
சாப்பாட்டு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில்
அவனுக்கு மட்டும் பதினைந்து நிமிஷம்.
சத்துணவு முட்டை மணக்கும் விரலால்
ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வருவான்.

'கொ'வில் நின்றுவிட்டான்.
"கொம்பு முன்னாடி நிக்குது டீச்சர்,
அதோட சத்தம் ஏன் பின்னாடி வருது?"
இருபத்திரண்டு வருஷமாகக் கொம்பு போடுகிறேன்.
யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.
"அது அப்படித்தான்டா" என்றேன்.

ந, ன, ண.
"மூணும் ஒண்ணுதானே?"
இதற்கு மட்டும் தயாராக இருந்தேன்.
மூணாறு தலைப்பு பார்த்திருக்கியா?
ஒரே தண்ணிதான் வருது,
ஷட்டரைத் தாண்டினா
வெண்ணாறு, கோரையாறு, பாமணி.
கொஞ்சம் யோசித்தான்.
"பாமணில கம்மியாத்தான் விடுவாங்க, டீச்சர்."

புள்ளி சொல்லிக்கொடுத்த அன்று
மேசையைத் தட்டினேன்.
'க'வுக்கு ஒரு தட்டு.
தலையில் புள்ளி வைத்தால் பாதித் தட்டு.
புள்ளி வச்சா எதுவும் பாதியாயிடும் என்றேன்.
'எதுவும்' என்ற சொல்
அவசரத்தில் வந்துவிட்டது.

தை கடைசியில் பெய்யக் கூடாத மழை.
வட்டார அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது:
எழுத்து, சொல், வாக்கியம், பத்தி.
அவன் பேருக்கு நேரே 'எழுத்து' கட்டத்தில்
பென்சிலால் ஒரு டிக்.
இரண்டு நாள் அவன் வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் அம்மா செந்தாமரை
வாசலிலேயே நின்று சொன்னார்.
ஆறு மா குத்தகை.
கொள்முதல் நிலையத்தில் நாற்பத்திரண்டு மூட்டை,
ஒன்பது நாளாய்த் தார்ப்பாய்க்கு அடியில்.
துண்டுச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து
எடுத்துட்டுப் போங்க என்றார்களாம்.
"கண்ணாடி கொண்டு போகல டீச்சர்,
இவன்தான் படிச்சு சொன்னான்."
அவர் கண்ணாடி போட்டு
நான் பார்த்ததே இல்லை.

ஈ. ர. ப். ப. த. ம்.

அவன் தானாக வாசித்த முதல் சொல்.
என் அட்டையில் ஈக்கு நேரே ஈட்டி இருக்கிறது.
ஈரத்துக்கு யாரும் படம் போட்டதில்லை.
படம் இல்லாமலே வாசித்திருக்கிறான்!
பொங்கி வந்த சந்தோஷத்தை
அந்த அம்மா முன்னால் எங்கே வைப்பதென்று தெரியாமல்
பீரோவைத் திறந்து சாக்பீஸ் தேடினேன்.
சாக்பீஸ் கையிலேயே இருந்தது.

மதியம் தட்டைக் கழுவிவிட்டு வந்தான்.
சீட்டில் இருந்ததை நோட்டில் எழுதியிருந்தான்,
பிழை இல்லாமல்:
ஈரப்பதம் 19.2
'ப்'பின் தலையில் விரல் வைத்து
மேசையை மெல்லத் தட்டினான். "பாதி."
விரல் நகர்ந்து
பத்தொன்பதுக்குப் பக்கத்தில் நின்றது.
"இதுவும் புள்ளிதானே டீச்சர்,
இது ஏன் பாதியாகல?
பதினேழுக்குள்ள இருந்தா எடுத்துக்கிறாங்களாம்."

தசமப் புள்ளி
ஐந்தாம் வகுப்பில் வரும் என்றேன்.
அதுவும் நல்ல பதில் இல்லை.
வெளியே தார்ச்சாலையில்
யாரோ காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு போனார்கள்.
ஒரு பஸ் ஆரன் அடித்து, ஒதுங்கிப் போனது.

தலையாட்டிவிட்டு
பக்கத்துப் பையனிடம் ரப்பர் வாங்கினான்.
அடியில் இருந்த புள்ளியை அழித்து
பத்தொன்பதின் தலைமேல் வைத்தான்,
நான் சொல்லிக்கொடுத்த இடத்தில்.
பிறகு குனிந்து
ரப்பர் தூளை ஊதினான்.