கொக்குக் கத்திரி

பதினோரு வருஷம்
ஒரு கத்திரியை ஒளித்து வைத்திருந்தேன்.

கொக்கு வடிவம். அலகுதான் வெட்டும் பாகம்.
திருவிதாங்கோட்டு சபூரா பீவியுடையது.
"ரெண்டு நாளைக்கு" என்று வாங்கினேன்.
அந்த ரெண்டு நாளுக்குள்
டென்னிசனுக்குக் கிரியாட்டினின் ஏழு என்றார்கள்.

பிறகு நாகர்கோவில், பிறகு திருவனந்தபுரம்,
பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில்
நம்பர் கூப்பிடும் குரலுக்குக் காதைக் கொடுத்துக் கிடந்த
செவ்வாய்களும் வெள்ளிகளும்.
சனிக்கிழமை என்று ஒன்று வாரத்தில் இருப்பதே மறந்தது.

அடக்கத்துக்கு மூவரும் வந்தார்கள்.
அன்று கத்திரியைப் பற்றிப் பேச முடியுமா?
அடுத்த மாதம் பேசியிருக்கலாம்.
அடுத்த வருஷம் வெட்கமாக இருந்தது.
அப்புறம் அந்த வெட்கத்துக்கே வயதாகி
வீட்டில் இன்னோர் ஆளாக நடமாடியது.
திங்கள்சந்தையில் சபூராவின் முக்காடு தெரிந்தால்
மீன்காரியிடம் குனிந்து
வேண்டாத சாளைக்கு விலை கேட்பேன்.
கேட்ட குற்றத்துக்கு வாங்குவேன்.

போன வாரம் ஜெசிந்தா கூப்பிட்டாள்.
"எட்டி, சனிக்கிழமை வா.
மெடிக்கலுக்கு மேல மாடி, அதே வீடுதான்.
படிக்கு இப்ப கைப்பிடி வச்சாச்சு."
அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

மழை. கருங்கலில் பஸ் ஏறினேன்.
மடியில் ஒரு சீப்பு ரசகதலி,
கைக்குட்டையில் சுற்றிய கொக்கு.
இறங்கவேண்டிய இடத்தில்
கால் கொஞ்சம் யோசித்தது.
கண்டக்டர் யோசிக்கவில்லை.

கதவு திறந்துதான் கிடந்தது.
சுகந்தபாய் தலை நிமிராமல்
"செருப்பை உள்ள போடு, நனையும்" என்றாள்,
நேற்று வந்துபோனவளிடம் சொல்வதுபோல.

கட்டிலில் துணிகள் குப்புறக் கிடந்தன.
முகம் பார்க்கத் தேவையில்லை எனக்கு.
முடிச்சே போடாமல் நூலை ஒளிப்பவள் ஜெசிந்தா.
மூன்று முடிச்சு போட்டும் நம்பாதவள் சபூரா.
ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு
நூலை அறுக்காமல் இழுத்துக்கொண்டு ஓடுபவள்,
அது நான். அந்தத் துணி மட்டும் அங்கே இல்லை.

மேஜையில் மிக்ஸி.
அதற்கு உறையாக
என் பாதி மயில்.

கழுத்துவரை முடித்திருந்தேன்.
மூன்று நீலம் சேர்த்த கழுத்து,
மூன்றாவதற்காக மார்த்தாண்டம் முழுக்க அலைந்தேன்.
இப்போது நெஞ்சில் மஞ்சள் கறை.
தோகை வரவேண்டிய இடத்தில்
வயர் போக ஒரு ஓட்டை.
ஓட்டையின் விளிம்பில்
துணியையே சுருக்கிவிடும்
சுகந்தபாயின் கஞ்சத் தையல்.

திட்டத்தான் வாய் திறந்தேன்.
"நல்ல துணி, வெறுதே கெடந்துது" என்றாள் ஜெசிந்தா.
சிரிப்பு வந்துவிட்டது. முதலில் எனக்கு.

அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள்
கைக்குட்டையை அவிழ்த்து நீட்டினேன்.
பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம்
நடுவிலேயே அறுந்தது.
சபூரா கொக்கை வாங்கினாள்,
ஜன்னல் வெளிச்சத்தில் அலகைத் திறந்து மூடினாள்.
"இது வெட்டாதேளா.
அப்பவே வெட்டாது.
அதனாலதான ஒனக்குத் தந்தேன்."

பதினோரு வருஷம்.
எத்தனை கிலோ சாளை.

எங்களில் இப்போது அவளுக்குத்தான் கண்.
தை மாதம் ஆபரேஷன் முடிந்தது.
எல்லோருடைய ஊசிக்கும் அவள்தான் நூல் கோர்க்கிறாள்,
அதற்குக் கூலியாக
எல்லோரையும் ஒரு வார்த்தை ஏசிக்கொண்டு.
நான் மிக்ஸியிலிருந்து உறையை உருவினேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மடியில் விரித்துப் பார்த்தால்
வயர் ஓட்டை
தோகைக் கண் ஒன்றின் அளவுதான் இருந்தது.

"ஒனக்கு என்ன கலர்?" என்றாள் சபூரா,
நூல் நுனியை எச்சிலில் நனைத்தபடி.

பச்சை என்றேன்.
எந்தப் பச்சை என்று
மூவரும் சண்டையைத் தொடங்கினார்கள்.