எட்டு மணி நேரம்

இரண்டரை மணிக்கு நான் செருப்பு மாட்டுகிறேன்.
அவள் கழற்றுகிறாள்.
கீலுங்கில் மழை. வேறென்ன பெய்யும் கீலுங்கில்.
வீட்டில் உருப்படியான குடை ஒன்றுதான்,
அவள் கையிலிருந்து என் கைக்கு ஈரத்தோடு மாறும்.

"யாரு?"
"லாரி டிரைவர். ஏழாவது மாடி, லிஃப்ட் கிடையாது."
"சாப்பிட்டியா?"
தலையை ஆட்டுவாள்.
ஆமாவா இல்லையா என்று
இருபத்து மூன்று வருடமாக எனக்குப் பிடிபடாத ஆட்டல்.

பகலில் என் மகள் சாய்வெய்
துறைமுக அலுவலகத்தில் கன்டெய்னர் எண்களைத் தட்டச்சு செய்கிறாள்.
இரவில் விகாரையிலிருந்து போன் வந்தால்
பழுப்பு அங்கியைப் பையில் திணித்துக்கொண்டு
முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போகிறாள்.
இப்போதுதான் மூச்சு நின்றவர் பக்கத்தில் உட்கார்ந்து
அமிதாபரின் பெயரைச் சொல்கிறாள்,
சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.
எட்டு மணி நேரம், ஆள் மாற்றி ஆள்.
கூலி கிடையாது. அந்த வீட்டில் ஒரு வாய் டீ கூடக் குடிக்கக் கூடாதாம்.

"பிணங்களோட உட்கார்ற பொண்ண எவன் கட்டுவான்?"
தாய்ச்சுங்கிலிருந்து போனில் கத்துகிறாள் அவள் அம்மா,
அங்கே வேறொருவரோடு வாழ்கிறவள்.
உயிரோடிருக்கிறவர்களோடு உட்கார்ந்து
நாம் என்ன கண்டோம் என்று கேட்க நினைத்தேன்.
சிக்னல் போய்விட்டது.

அந்த எட்டு மணி நேரம் உடம்பை யாரும் தொடக் கூடாது.
"உயிர் உடனே போயிடாதுப்பா,
கொஞ்சம் கொஞ்சமாத்தான் கழலும். கை பட்டா வலிக்கும்,"
என்றாள் ஒரு நாள், சோயா பாலை உறிஞ்சிக்கொண்டே.
பிறகு என்னைப் பார்த்தாள்.
பிறகு பார்க்காமல் இருந்தாள்.

நான் பன்றிக்கறி விற்கிறவன்.
மூன்று மணிக்கு வண்டியிலிருந்து இறக்கும்போது
தொடையில் இன்னும் சூடிருக்கும்.
அதைத்தான் விரலால் அழுத்திப் பார்த்து வாங்குகிறார்கள்.
அந்தச் சூட்டில்தான் அவள் பள்ளிக் கட்டணம்,
பல்லுக்குக் கம்பி,
மூன்றே மாதம் வாசித்துக் கட்டிலுக்கடியில் போன வயலின்.

அன்று கத்தியை எடுத்தேன்.
எடுத்த இடத்திலேயே கொஞ்சம் நின்றது.
"என்னண்ணே, கை பிடிச்சுக்கிச்சா?" என்றாள் எதிர்க்கடை டோஃபுக்காரி.
மழைக்கு, என்றேன்.
வெட்டினேன். வெட்டாமல்?

ஐப்பசியில் கணவாய் விற்கும் ஹோங் செத்தான்.
முப்பத்திரண்டாயிரம் வாங்கி, வாங்கவேயில்லை என்றவன்.
பத்தொன்பது வருடம் பக்கத்துப் பக்கத்துக் கடை,
ஒரு வார்த்தை பேசியதில்லை.
யாருமில்லை அவனுக்கு.
போன் வந்தது. போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை.
"குடை உங்களுக்கு வேணுமா?" என்றாள்.

நாலு மணிக்குப் பையனிடம் கடையை விட்டுப் போனேன்.
ஏன் என்று பையனும் கேட்டான்.
வாசலிலேயே நின்றேன், என் மேல் கொழுப்பு வாடை.
ஹோங்கின் வாய் லேசாகத் திறந்திருந்தது,
விலை சொல்லப்போகிறவன் மாதிரி.
வர வேண்டியவள் வரவில்லை போலும்,
என் மகள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.
குரல் கட்டி, நூலாகி, அறுகிற நிலை.

இருமினாள்.
ஒரு பெயர் விட்டுப்போனது.
விட்டுப்போனதை நான் சொன்னேன்.

பக்தி என்று நினைக்க வேண்டாம்.
தராசு தாழாவிட்டால்
இன்னொரு துண்டு எடுத்துப் போடுவேனே, அப்படி.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
இரண்டாவது முறை இருமியபோது
இடம் விட்ட மாதிரி இருந்தது.

முப்பத்திரண்டாயிரத்தை அடித்துவிட்டேனா?
இல்லை. நோட்டில் அப்படியே இருக்கிறது.

முதல் பஸ். உட்கார்ந்ததுமே
என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்,
மாமிசம் தொடாதவள், அந்தச் சட்டையில் முகம் வைத்து.
நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கக் கை போனது.
பாதியில் இழுத்துக்கொண்டேன்.
எங்கள் நிறுத்தம் வந்தது.
போனது.