பூஜ்யம் முதல் மூன்று வரை

வால்டிவியாவில் ஜூன் மாதம் மழை நிற்பதில்லை.
நான்காம் மாடி, புற்றுநோய்ப் பிரிவு.
என் கையில் ஓர் அட்டை, அதில் ஒரு படிவம்,
இருபத்து மூன்று கேள்விகள்.
ஆன்மிகத் தேவைகளின் மதிப்பீடு என்று தலைப்பு.
தேவை இல்லை என்றால் பூஜ்யம்,
மிக அதிகம் என்றால் மூன்று.
நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு
ஒன்றும் இரண்டும்.

காய்ச்சலை அளக்கத் தெரியும் எனக்கு.
வடிகுழாயில் இறங்கியதை மில்லிலிட்டரில் சொல்வேன்.
இதற்கு மட்டும்
குரலை எந்த உயரத்தில் வைப்பது என்று
பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் படுக்கை, நெலிடா பாரியென்டோஸ்.
'யாருடனாவது சேர்ந்து ஜெபிக்க விரும்புகிறீர்களா?'
பூஜ்யம் என்றார், வாயைக் கையால் மூடிக்கொண்டு.
கொஞ்ச நேரம் கழித்து,
'பல்செட்டை எங்கோ தொலைத்துவிட்டார்கள், யாஸ்னா.
பொக்கைவாயோடு நான்
பாதிரியார் முன்னாலேயே உட்கார மாட்டேன்,
ஆண்டவர் முன்னால் எப்படி?'
சலவைக்குப் போன தலையணை உறைக்குள் கிடைத்தது அது.
கழுவிக் கொடுத்தேன்.
பூஜ்யத்தை அடித்து மூன்று போட்டேன்.

பன்னிரண்டாம் படுக்கையில் எலெயுதேரியோ கத்ரிலேயோ.
முப்பத்தெட்டு வருஷம்
நியெப்லாவுக்கும் கொர்ராலுக்கும் இடையே படகு ஓட்டியவர்.
கணையம்.
'மன அமைதி வேண்டும் என்று தோன்றுகிறதா?'
'எத்தனை மணிக்கு?'
நேரத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றேன்.
'அப்படியென்றால் இதை எழுதியவர்
இரவில் நன்றாகத் தூங்குகிறவர்.'
மூன்று மணிக்கு, மருந்தின் பிடி தளர்கிற நேரம்,
ஆற்றங்கரை மீன்சந்தைப் பக்கமிருந்து
கடற்சிங்கங்கள் கத்துமாம்.
'அசிங்கமான சத்தம்.
ஆனால் எனக்கு முன்பே யாரோ விழித்திருக்கிறார்கள்.
ஜன்னலை நாலு விரல் திறந்து வைப்பாயா?'

தொற்றுத் தடுப்பு விதிப்படி கூடாது.
திறந்தேன். இரண்டு விரல்.

பதினேழாம் கேள்வி:
'யாருக்காவது எதையாவது கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறீர்களா?'
சிரித்தார். இருமல் வந்து சிரிப்பை வெட்டியது.
அலமாரியில் தொங்கும் மேல்கோட்டு, இடது பை.
எஞ்சின் அறைச் சாவி ஒன்று, தூண்டில் நரம்பில் கட்டியது.
உடைப்பதற்குப் படகை விற்றபோது
திருப்பித் தராமல் வைத்துக்கொண்டாராம்.
'பதினோரு வருஷத் திருட்டு.
பூட்டு உருகி எங்கோ வாணலியாகியிருக்கும்.
இருந்தாலும் கணக்கு கணக்குதான்.'
மூன்று போடவா?
'போடு. நீயே கொண்டுபோய்க் கொடு.'

வியாழக்கிழமை அந்தப் படுக்கையில்
ஓசோர்னோவிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை.
எல்லாக் கட்டங்களையும் நிரப்பவும் என்றது கணினி.
கடைசி ஆறு கேள்விகளை
நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.
பூஜ்யம் போட்டால்
தேவையே இல்லாமல் போனவர் என்றாகிவிடும்.
வெறுமையாக விட அது விடாது.
திரையை அப்படியே ஒளிரவிட்டு எழுந்து போனேன்.

சனிக்கிழமை, கொர்ரால் படகுத்துறை.
சீட்டுக் கொடுக்கும் பையன்
சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
'எந்தப் படகு?'
'இப்போது இல்லாத படகு.'
'அப்புறம் இது எதற்கு?'
பிறகு, பாவம், அவனுக்கும் ஒரு மேலதிகாரி இருக்கிறாரே,
மேசைக்கடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான்.
ஒப்படைப்பவர் பெயர். தேதி. காரணம்.

பெயர், அவருடையதை எழுதினேன்.
காரணத்தில், கை பழகிய எண்ணை.
வாசித்துப் பார்த்து, 'மூன்றா?' என்றான்.
ஆமாம் என்றேன்.
அவனுக்குப் பின்னால் மழையில்
ஒரு படகைக் கட்டவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.