நாயைப் பிடியுங்கள்

பத்தொன்பது வயது எனக்கு.
சட்டைப்பையில் குத்திய கறுப்புத் தகடு
மூப்பர் என்கிறது என்னை.
வாரம் இருமுறை மழித்தாலே போதுமான மூப்பர்.

தர்ஹான் நகரில் காலை ஆறரை.
ஜன்னலுக்கு உள்பக்கமும் பனி.
முழங்காலிட்டால்
தரையிலிருந்து எலும்புக்கு ஏறுகிறது குளிர்.
நீளமான ஜெபங்கள் எல்லாம்
ஆகஸ்டோடு முடிந்துவிட்டன.

என் இணை, மூப்பர் வைனிகோலோ.
டோங்கா தீவுக்காரன், ஆறடி நான்கங்குலம்.
முதல் பனியை நாக்கில் வாங்கி
"உப்பே இல்லையே" என்றவன்.
ஒருவர் கண்ணைவிட்டு ஒருவர் மறையக் கூடாது,
அது எங்கள் விதி.
அவன் எந்தக் காலில் முதலில் காலுறை போடுவான்
என்பதுவரை தெரியும் எனக்கு.
அவன் அப்பாவின் பெயர் தெரியாது,
மார்ச் வரை.

தேவன் உங்களை நேசிக்கிறார்
என்று மங்கோலியத்தில் சொல்ல
ஒன்பது வாரம் படித்தேன்.
வந்த இடத்தில் முதலில் கைகொடுத்தது
வேலிக்கு வெளியே நின்று கூவும் வேறொரு வாக்கியம்:
நாயைப் பிடியுங்கள்!
விருந்தாளியின் வணக்கமே அதுதான் இங்கே.
நாயில்லாத வீட்டிலும் அதைத்தான் கூவ வேண்டும்.

செவெல்மா வீட்டில் நாய் இருந்தது.
அனல்மின் நிலையத்தில்
நிலக்கரி வண்டிகளை எடைபோடுகிறவர்.
வட்டக் கூடாரத்துள் அடுப்பருகே எங்களை உட்காரவைத்து
வலக்கையில் கிண்ணம், இடக்கை முழங்கையைத் தாங்க,
உப்புப் போட்ட பால் தேநீரை நீட்டினார்.
நீட்டியதை மறுக்காதே என்கிறது ஊர்.
தேயிலையைத் தொடாதே என்கிறது எங்கள் கட்டளை.
நடுவில் என் கை.
"மன்னிக்கணும், தேநீர் ஆகாது."
"வயிற்றுக்கா?"
"இல்லை, கடவுளுக்கு."
"ஐயோ பாவம்,
இந்தக் குளிரில் அவர் என்னதான் குடிப்பார்?"

சனிக்கிழமைகளில் அவருக்குக் கரி அள்ளிப் போட்டோம்.
நாங்கள் கொடுத்த புத்தகத்தை
இரு கையாலும் வாங்கி நெற்றியில் வைத்தார்,
பிறகு வானொலிக்கு அடியில்.
வானொலி அன்றிலிருந்து ஆடுவதில்லை.

மார்ச்சில் ஒரு செவ்வாய், தொலைபேசி.
வைனிகோலோவின் அப்பா, தூக்கத்திலேயே.
ஊருக்குப் போகலாம் என்றார்கள்.
முடித்துவிட்டு வா என்றாராம் அம்மா.
பதினான்கு மாதம் மீதி இருந்தது.

அன்றிரவு அவன் தன் மொழியில் ஜெபித்தான்.
கெலெபி, கெலெபி என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது.
ஜெபம் முடியும் இடம் தெரியாமல்
மூன்று முறை முந்திக்கொண்டு ஆமென் சொன்னேன்.
குடும்பங்கள் என்றென்றும் பிரிவதில்லை,
எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன் அதை,
துண்டுப்பிரசுரத்தின் முதல் பக்கமே அதுதான்.
வாய் வரவில்லை.
இருட்டில் அவன்தான் கேட்டான், மங்கோலியத்தில்:
"'அவரைப் பார்ப்பேன்.'
எதிர்காலம் சரியா?"
சரி என்றேன்.
இலக்கணத்தைத்தான் சொன்னேனா,
இன்றுவரை தெரியாது.

வியாழன் மாலை
ஐந்தாம் மாடியில் எங்கள் கதவுக்கு வெளியே ஒரு குரல்:
"நாயைப் பிடியுங்கள்!"

செவெல்மா.
துணி சுற்றிய பாத்திரம், மூன்று கிண்ணம்.
பெண்ணை உள்ளே அழைக்க எங்களுக்கு அனுமதியில்லை.
வாசற்படிக்கு மேலாக எதையும் கொடுக்க
அவருக்கு வழக்கமில்லை.
நாங்கள் வெளியே வந்தோம்.
மூவரும் மாடிப்படியில் வரிசையாக.
"இலை போடவில்லை" என்றார்.
"வெறும் பால். உப்பு."
ஒரு வாய் குடித்துவிட்டு
கிண்ணத்துக்குள்ளேயே அழுதான் வைனிகோலோ.
கீழ்மாடிக்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார்,
நகர்ந்து வழிவிட்டோம்.

அவன் கிண்ணத்தை மட்டும் விட்டுப் போயிருந்தார்.
வெறுமையாகத் திருப்பக் கூடாது.
சனிக்கிழமை காலை
மேசை இழுப்பறையைத் திறந்து
பிரசுரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.
மூடினோம்.
நான் ஐடஹோக்காரன்,
உருளைக்கிழங்கு பொறுக்கத் தெரியும்.
சந்தையில் முளைவிடாத நான்கு எடுத்தேன்.
மூன்றுதான் கொள்ளும் என்றான் அவன்.
நாலாவது என் கோட்டுப் பையில்,
நடக்கும்போதெல்லாம்
விலாவில் இடித்துக்கொண்டு வந்தது.