அடி பிடிக்காத குடா

வரைபடத்தில் இந்தக் குடாவுக்குப் பெயரில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும்,
ஆறு வருடம் முன்பு நான் போட்டது.
ஏன் போட்டேன் என்று பால்டொமேரோவுக்கு ஞாபகமில்லை.
எனக்கும்.
மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
படகோனியாவில் மழைக்கு
மேலிருந்து விழும் பழக்கம் குறைவு.

உள்ளே போய்விடலாம் என்றான்.
அவன் சுக்கானில், நான் அணியத்தில்.
நடுவில் முப்பத்தாறு அடிப் படகு,
முப்பத்தொரு வருடம்,
என்ஜின் சத்தம்.
அதனால் கையால்தான் பேச்சு.
மடக்கிய முஷ்டி என்றால் நிறுத்து.
விரித்த உள்ளங்கை என்றால் பின்னால் எடு.
இரண்டு கையும் என் இடுப்புக்குப் போனால்
விஷயம் நங்கூரம் அல்ல.

ஆழமானி பதினெட்டு என்றது, பிறகு ஏழு,
பிறகு வாயை மூடிக்கொண்டது.
சங்கிலியை விட்டேன்.
பத்து மீட்டருக்கு ஒரு சிவப்புப் பொட்டு,
தீர்ந்துபோகவிருந்த நகப்பூச்சில் வைத்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
சங்கிலிமேல் பாதத்தை வைத்தால்
கீழே நடப்பது தெரியும்:
சேறு என்றால் மௌனம்,
பாறை என்றால் பல்லைக் கடிக்கும்.
இது இரண்டும் இல்லை.
எதன்மேலோ எங்கள் இருபது கிலோ இரும்பு
வழுக்கி வழுக்கி
உலாப் போய்க்கொண்டிருந்தது.

இழுத்தேன். கடற்பாசி.
நங்கூரமே தெரியாத அளவுக்கு,
அறுத்த மாட்டின் குடல் போல.
கத்தியால் வெட்டிப் போட்டேன்.
மறுபடி விட்டோம். மறுபடி பாசி.
மூன்றாம் தடவை அவன் கத்தினான், நானும் கத்தினேன்.
என்ன வார்த்தைகள் என்று காற்றைத்தான் கேட்க வேண்டும்,
அதுதான் எடுத்துக்கொண்டு போனது.

கீழே, அடுப்பில் பருப்பு.
நங்கூரம் அடி பிடிக்கவில்லை,
பருப்பு பிடித்துவிட்டது.

இருட்டும் நேரம் ஒரு மஞ்சள் படகு வந்தது.
நண்டுக்காரர்கள், மூன்று பேர்.
ஓனோஃப்ரே என்பவன் எங்கள் பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தான்,
எங்கள் நரையைப் பார்த்தான்.
"இங்கே தரை கிடையாது, செனியோரா.
மரம் உண்டு" என்றான்.
ஒரு பாட்டில் ஒயினுக்கு இரண்டு நண்டு தந்துவிட்டு
பாறை மறைவில் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

டிங்கியில் நான்.
பின்னால் எண்பது மீட்டர் கயிறு,
வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தை.
கரை என்பது முழங்கால் வரை பாசியும்
வேர்களும் மட்டும்.
பெரிய மரம் ஒன்றைத் தேர்ந்து கட்டிப்பிடித்தேன்,
பின்பக்கம் கயிற்றைச் சுற்ற.
விரலில் ஏதோ தட்டியது.
பட்டைக்குள் புதைந்து
ஒரு நீலக் கயிற்றுத் துண்டு.
அதன் நுனியில் மெழுகு நூல் சுற்று,
நானே சுற்றியது,
இடக்கைக்காரியின் சுற்று, எதிர்த்திசையில்.
மறு நுனி கத்தியால் அறுத்தது.

அப்போது நினைவு வந்தது, முழுதாக.

வடமேற்குக் காற்றுக்கு இது தாழ்ப்பாள் போட்ட அறை.
தெற்குக்குத் திறந்த வாய்.
பாரமானி ஏறினால் மற்ற இடங்களில் நிம்மதி;
இங்கே அப்போதுதான் தெற்கு உள்ளே வரும்.
அன்றைக்கு விடியுமுன் வந்தது.
அவன் அறுத்தான், நான் சுக்கான் பிடித்தேன்,
பாறையை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்
இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை.
அதை ஞாபகத்திலிருந்தும் அறுத்துவிட்டிருந்தோம் போல.

திரும்பி வந்து சொன்னேன்.
பால்டொமேரோ பாரமானியைத் தட்டினான்.
இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.
"ஏறினால்?"
"ஏறினால் அறுப்போம்."

நண்டை உடைத்தோம்.
பருப்பின் மேல்பாதியை வழித்துத் தின்றோம்.
கத்தியைக் கழுவி
மேசை நடுவில் வைத்தான்,
இருவர் கைக்கும் எட்டும்படி.

இரண்டு மணிக்கு ஒருவர் காவல்.
என் முறையில்
பட்ட மரமும் நண்டுக்காரர்களின் விளக்கும்
ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
நின்றன. சற்று விலகின. நின்றன.
உள்ளே அவன் பூட்ஸோடு தூங்கினான்.

மூன்றரைக்குக் காற்று சட்டென்று அடங்கியது.
அந்த அமைதியில் அவனும் எழுந்து வந்துவிட்டான்.
யாரும் பாரமானியைப் பார்க்கவில்லை.
அவன் என்ஜின் சாவியில் கை வைத்தான்,
நான் மேசையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு
அணியத்துக்குப் போனேன்.