கியூ உள்ள செக்

ஒட்டுசுட்டான் கிளை. இரண்டாவது கவுண்டர்.
கண்ணாடியில் ஒரு கை புகுமளவு அரைவட்டம் வெட்டியிருக்கும்.
அதற்கு இந்தப் பக்கம் நான்.

வேலைக்கு வந்த மூன்றாம் நாள்
சீ கே போட்டு செக் என்று எழுதினேன்.
முகாமையாளர் சிவப்புப் பேனையால் வெட்டி
கியூ யூ ஈ என்று மேலே எழுதினார்.
"அமெரிக்காவெண்டால் நீர் சரி, பிள்ளை.
இது ஒட்டுசுட்டான்."

தமிழில் அந்தக் கரைச்சல் இல்லை.
வங்கியில் மாற்றுவதும் செக்,
ஆஸ்பத்திரியில் பிறஷருக்குப் பார்ப்பதும் செக்,
தம்பி நிறோஜன் தோய்க்க விடாமல் போட்டுத் திரிந்த
கட்டம்போட்ட சேட்டும் செக்.
எண்ணெய் ஆட்டுவதென்றால்
ஒரு உகரம் சேர்த்தால் போதும்.
செக்கெது சிவலிங்கமெது என்று தெரியாதவர்களை
ஊர் பழிக்கும்.
செக்கெது செக்கெது என்று எனக்கே தெரியாது.

அந்தச் சேட்டோடுதான் ஓமந்தையில் நின்றோம்.
எனக்குப் பதினொன்று, அவனுக்கு ஒன்பது.
சவர்க்காரக் கட்டியை ஊசியால் குத்திப் பார்த்தார்கள்.
டோச் லைற்றைக் கழற்றிப் பூட்டினார்கள்.
அவன் பொக்கற்றில் முப்பத்திரண்டு சோடா மூடி,
ராசா இரண்டுக்கும் என் நகப்பூச்சு.
சிப்பாய் எங்கள் சிப்பாய்களை
ஒவ்வொன்றாய்ப் புரட்டி எண்ணினான்.
"செக், செக்" என்று நிறோஜன் விளங்கப்படுத்தினான்.
"செக், செக்" என்று அவனும் தலையாட்டிச் சிரித்தான்.
அன்றைக்கு அந்த மேசையில்
இரண்டு பேரும் பேசிய ஒரே பொதுச் சொல்.
இரண்டு பேருக்கும் விளங்கியிராது.

போன செவ்வாய் ஞானச்சோதி வந்தார்,
முத்தையன்கட்டிலிருந்து, முதல் பஸ்ஸில்.
யானை இடித்த குசினிச் சுவருக்கு நட்டஈடு.
நாலாய் மடித்த செக்.
அடையாள அட்டையில் பெயர் ஜீயில் தொடங்குகிறது,
செக்கில் என்னில்.
"பிழை என்னில்," என்றேன்.
"உம்மில என்ன பிள்ளை பிழை," என்றார்.

ஜீ அங்கே சத்தமில்லாத எழுத்து,
எழுதினால்தான் இருக்கும் என்றேன்.
"சத்தம் போடாததுக்கே இவ்வளவு வில்லங்கமோ?"
பிறகு கண்ணாடி அரைவட்டத்துக்குக் குனிந்து,
"யானை பேர் கேட்டுப்போட்டே இடிச்சது?"

பின்னால் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.
அப்போதுதான் கண்டேன்:
செக்குக்குள்ளேயே ஒரு கியூ நிற்கிறது,
அதற்குப் பின்னால்
வாய் திறக்காமல் இரண்டு எழுத்து.

விதானையாரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னேன்.
"செக்கு மாடெண்டாலும் ஒரு இடத்திலதான் சுத்தும்"
என்று எழும்பிப் போனார்.
கொமிஷன் படிவங்களுக்குமேல் அவருடைய குடை
அரை மணித்தியாலம் கிடந்தது.
திரும்பி வந்து எடுத்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது.
"மேற்படி இரு விதமாகவும் எழுதப்படுபவர் ஒருவரே."
கீழே கோணலாய் ஒரு முத்திரை.
அந்தக் கிழமை முழுக்க
இதைவிட நல்ல வசனம் நான் வாசிக்கவில்லை.
செக்கின் பின்பக்கம் தமிழில் ஒப்பமிட்டார்.
ஞவைச் சுழிக்கவே நிறைய நேரம் எடுத்தது,
மை முன்பக்கம் ஊறியது.
காசை எண்ணிக் கொடுத்தேன்.
அவர் எச்சில் தொட்டு மறுபடி எண்ணினார், இரண்டு தரம்.
அதற்கும் அந்தச் சொல்தான்.

நிறோஜன் இப்போது கனடாவில் லொறி ஓடுகிறான்.
கிழமைக்கு இரண்டு தரம் எல்லை தாண்டுவான்.
அவன் ஏறும் பக்கம் செக்குக்குக் கியூ,
இறக்கும் பக்கம் கே.
கியூ எங்கே கழன்று விழுகிறதென்று கேட்டேன்.
"போடரிலதான் அக்கா, மூண்டு மணித்தியாலக் கியூ" என்றான்.

போனில் இன்னும் விளையாடுகிறோம்.
நேற்று இரவு இரண்டு மணிக்கு
தலைமாட்டில் வெளிச்சம்:
செக்.

ராசாவை எங்கே வைத்தேன் என்றே ஞாபகமில்லை.
அரை நித்திரையில் திருப்பி அனுப்பினேன்:
எந்த ஸ்பெல்லிங்?