ஏழாம் தொட்டி

ஆளுக்கொரு தட்டில் பத்து மணிகள்:
முள்ளங்கி விதை ஐந்து, குச்சிப்பூச்சி முட்டை ஐந்து.
எண்ணிப் போட்டவள் நான், ஆய்வுக்கூட உதவியாள்.
"எது செடி, எது பூச்சி?
கண்டதை எழுதுங்கள், நினைத்ததை வேண்டாம்"
என்றார் கெஸ்டிங் டீச்சர்.

ஜன்னலுக்கு வெளியே வுப்பர் ஆற்றின் மேல்
தொங்கு ரயில் போயிற்று.
மணிகளெல்லாம் ஒருமுறை நடுங்கி அடங்கின,
விதையும் முட்டையும் ஒரே மாதிரி.

மெலெக் கண்ணாடிப் பெட்டியின் சீட்டை வாசித்தாள்:
இந்தியக் குச்சிப்பூச்சி.
"உங்கள் ஊர்ப் பூச்சியா?"
பழனி மலை வம்சம் என்கிறார்கள்.
நான் நாகப்பட்டினம்; எனக்கு மலை ஏது?
முதன்முதல் பார்த்தது இங்கேதான்,
வேலையில் சேர்ந்த அன்று
பிளாக்பெர்ரி இலை மாற்றும்போது.
காய்ந்த குச்சி என்று எடுத்தேன்.
குச்சி நடந்தது.
(பெட்டிக்குள் ஆண் கிடையாது.
அதுபாட்டுக்கு முட்டையிடும், அதுபாட்டுக்குப் பொரியும்.)

யானிக் மட்டும் ஆறு விதை கண்டான்.
ஆறாவதன் முனையில் மஞ்சளாய் ஒரு குமிழ்,
ஆமணக்கு விதையின் மூக்கு மாதிரி.
குமிழையும் வரைந்தான், அதன் சின்ன மூடியையும்,
பென்சிலைச் சாய்த்து நிழல்கூடத் தீட்டினான்.
எல்லாம் பார்த்து வரைந்துவிட்டு
அடியில் எழுதினான்: விதை.
படத்துக்கு ஒரு சபாஷ், பதிலுக்கு ஒரு சிவப்புக் கோடு.

பிடிவாதக்காரன், ஆறையும் ஏழாம் தொட்டியில் ஊன்றினான்.
நான்காம் நாள் ஐந்து முளைத்தன.
ஆறாவது முளைக்கவில்லை என்று
அவனே நோட்டில் எழுதி மூடினான்.

பிறகு ஈஸ்டர் விடுமுறை, வேறு பாடம், இதயம், நுரையீரல்.
முள்ளங்கி நெடுநெடுவென்று போய்ப் பூத்துக் காய்ந்தது.
சில நாள் தண்ணீர் ஊற்றினேன், பல நாள் மறந்தேன்.

ஜூனில் மண்ணைக் கொட்டப் போன காலை,
செத்த தண்டில் ஒரு பச்சை நூல் ஏறிக்கொண்டிருந்தது.
நூலுக்குக் கால்கள்.
பின்னங்கால் ஒன்றில் முட்டை ஓடு
கழற்ற மறந்த செருப்பாய் இழுபட்டு வர,
நின்று, ஆடி, மறுபடி ஏறியது.

யானிக்கைக் கூப்பிட்டேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
பிப்ரவரிப் பக்கத்தைத் தேடிப் பிரித்து
பழைய வரியை அடிக்காமல் கீழே எழுதினான்:
நூற்றுப் பதினான்காம் நாள். ஆறாவது முளைத்தது.
இலை இல்லை. கால் ஆறு.

டீச்சரின் சிவப்புப் பேனா
அந்த வரிக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு மூடியைப் போட்டுக்கொண்டது.

நான் கத்தரிக்கோலோடு
வேலியோரம் பிளாக்பெர்ரி வெட்டப் போனேன்.
பசித்திருக்கும்.